குரூவ்: தமிழில் ‘சால்’ என்று சொல்லலாமா?

தாழ்ந்த ஸ்வரங்களில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரைத் தாளம் தப்பாமல் வாசிப்பவர்கள் ஏராளம். ஆனால் அவர்களில் சிலர் வாசிக்கும்போதுதான் கேட்பவரின் கால் தானாக ஆடத் தொடங்குகிறது. அந்தச் சிலரிடம் இருப்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘குரூவ்’ (groove) என்கிறார்கள். ‘தாளம்’ என்று இதை மொழிபெயர்த்தால் பாதிப் பொருள்தான் வருகிறது.

சொல்லின் பூர்விகம் மண்ணில் இருக்கிறது. பழைய டச்சு மொழியில் ‘குரூவ’ என்றால் உழவுச்சால், பள்ளம். பிணக்குழியைக் குறிக்கும் ‘கிரேவ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவுதான். ஆங்கிலத்தில் ‘குரூவ்’ முதலில் சுரங்கக் குழியைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் கருவியால் வெட்டிய நீளப் பள்ளத்துக்கும் அதே பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது கொஞ்சம் இழிவான சொல்லாகவும் ஆனது. செக்குமாடு போல ஒரே தடத்தில் சுற்றுகிறவனைக் ‘குரூவில் கிடக்கிறான்’ என்றார்கள்.

அப்புறம் இசைத்தட்டு வந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான வளையங்கள் இருப்பதாகத் தெரிந்தாலும், உண்மையில் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுருண்டு போகும் ஒரே பள்ளம்தான் அது. ஊசி அதற்குள் உட்கார்ந்தால் பாட்டு, தடம் விட்டால் கரகரப்பு. 1930களில் ஜாஸ் இசைக்காரர்கள் நன்றாக வாசிக்கிறவரைக் ‘குரூவுக்குள் இருக்கிறார்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். செக்குமாட்டுக்குச் சொன்ன சொல் இப்படிப் பாராட்டாக மாறியது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏனென்றால் அமெரிக்கக் கருப்பின இசைக்காரர்கள் வளர்த்த நடன இசையான ஃபங்க்கின் உயிரே திரும்பத் திரும்ப வாசிப்பதில்தான் இருக்கிறது. ஒரே சிறு வரி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் கூடச் சுற்றும். சலிக்காமல் அதைச் சுற்றவைப்பதே வித்தை.

எங்கே அழுத்துவது என்பது முதல் சூட்சுமம். ஃபங்க்கின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் கேட்டதெல்லாம், நான்கு எண்ணிக்கையில் முதல் அடி உறுதியாக விழ வேண்டும் என்பதுதான். 1970இல் பழைய குழு விலகியபோது, சின்சினாட்டியிலிருந்து பூட்ஸி காலின்ஸ் என்ற 18 வயதுப் பையன் பேஸ் வாசிக்க வந்தான். விரல் நிறைய ஸ்வரங்களோடு வந்த அவனுக்குக் கிடைத்த பாடமும் அதுவே: முதல் அடியைக் கொடுத்துவிடு, மற்ற இடத்தில் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

பேஸையே டிரம்ஸாகவும் ஆக்குவது இரண்டாவது சூட்சுமம். அதை பேஸ் கலைஞர் லாரி கிரஹாமிடம் பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் தன் அம்மாவோடு சேர்ந்து வாசித்துவந்தவர் அவர். கால்களால் ஆர்கனின் பெடலை மிதித்துக்கொண்டே கிட்டார் வாசிப்பார். ஆர்கன் பழுதாக, தற்காலிகமாக ஒரு பேஸ் கிட்டாரை வாடகைக்கு எடுத்தார். பிறகு டிரம்ஸ்காரரும் இல்லாமல் போனார். அம்மா பியானோவில் இருக்க, டிரம்ஸின் இடத்தையும் கிரஹாமே நிரப்ப வேண்டியிருந்தது. கட்டைவிரலால் தந்தியை ‘தொம்’ என்று அடித்தார். பெரிய டிரமின் ஒலி கிடைத்தது. இன்னொரு விரலைத் தந்திக்கு அடியில் கொடுத்துச் சுண்டினார். அது பலகையில் மோதி ‘டக்’ என்றது, ஸ்நேர் என்ற சிறிய டிரமின் கூர்மையான ஒலி கிடைத்தது. இன்று உலகமெங்கும் ‘ஸ்லாப்’ என்று கற்றுக்கொடுக்கப்படும் வாசிப்பு முறை, ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க ஒரு மகன் மேடையில் கண்டுபிடித்தது.

எங்கே அடக்குவது என்பது மூன்றாவது. ‘டவர் ஆஃப் பவர்’ என்ற ஃபங்க் குழுவில் பேஸ் வாசித்த மறைந்த ராக்கோ பிரெஸ்டியாவின் பழைய காணொளிகளில் அவர் இடக்கையைக் கவனியுங்கள். ஸ்வரத்தை அழுத்திய விரலுக்குப் பக்கத்து விரல்கள் தந்தியின் மேல் லேசாகப் படிந்தே இருக்கும். தந்தி நீளமாக முழங்க முடியாது. ஒவ்வொரு ஸ்வரமும் ‘டுக்’ என்று பிறந்து உடனே அடங்கும். தொடங்கும் இடத்தைப் போலவே அடங்கும் இடத்தையும் அவர் தீர்மானித்தார். குரூவில் பாதி அந்த மௌனத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? காலப்பிரமாணம் என்றால் வேகம் கூடாமலும் குறையாமலும் காப்பது. நடை என்பது ஒரு அட்சரத்தை, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கையை, எத்தனையாகப் பிரிக்கிறோம் என்ற கணக்கு. லயம் நெருங்கி வருகிறது, ஆனால் அது மிகப் பெரிய சொல். முன்சொன்ன இரண்டையும் தனக்குள் அடக்கிக்கொள்ளும். இன்னும் நெருங்கி வருவது சர்வலகு. மிருதங்கக்காரர் கணக்கு வழக்கை ஒதுக்கிவைத்துவிட்டுப் பாட்டோடு இழைந்து ஓடவிடும் வாசிப்பு அது. குரூவைக் கச்சேரி கேட்பவருக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. ஆனால் அது தாள வாத்தியத்துக்கே உரிய கலைச்சொல்.

அதனால் என் தேர்வு ‘சால்’. மூலச்சொல்லின் முதற்பொருளும் உழவுச்சால்தானே. மரத்தில் வெட்டும் பள்ளத்துக்குத் தச்சர் சொல்லும் ‘காடி’ பலகையோடு நின்றுவிடும். சாலில் நகர்வு இருக்கிறது. வயலில் முன்னத்தி ஏர் ஒரு சால் போட்டுக்கொண்டு போகும், மற்ற ஏர்கள் அதை ஒட்டியே வரும். ஃபங்க் குழுவில் பேஸும் டிரம்ஸும்தான் அந்த முன்னத்தி ஏர். அவை கோணினால் கிட்டாரும் ஊதுகருவிகளும் சேர்ந்து கோணும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாகத் தெரிய வேண்டிய இடத்தில் ‘தாளச்சால்’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

இதோடு சேர்ந்தே வரும், வாசிப்பவரின் தொடுகைக்கே உரிய தனித்தன்மையைக் குறிக்கும் ‘ஃபீல்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் ‘கைவாகு’ இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் வாசித்தார். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். கிட்டாரின் தந்திகளையும் அவர் மாற்றமாட்டார். மழுங்கிப்போன பழைய தந்தியும் அந்த ஒற்றை விரலும் சேர்ந்து கொடுத்த ஒலியைக் கைவாகு என்றுதான் சொல்ல வேண்டும்.

பேச்சில் இப்படி வரும்: “முதல் பாட்டில் கொஞ்சம் தடுமாறினார், இரண்டாவதில் சால் பிடித்துவிட்டார்.” “டிரம்ஸ்காரர் இடைவெளிகளை எவ்வளவு நிரப்பி வாசித்தாலும் பேஸ் சாலிலிருந்து விலகவே இல்லை.”