9 லட்சம் சிடிசி என்றால் கையில் எவ்வளவு வரும்?

ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 9 லட்சம் என்று இருந்தால், பன்னிரண்டால் வகுத்து மாதம் 75,000 வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அதை நம்பி வீட்டு வாடகையும் இஎம்ஐயும் முடிவு செய்தால் முதல் மாதமே திணறல்தான். இந்தச் சம்பளத்தில் தொகையைக் குறைப்பது வருமான வரி இல்லை, சிடிசி கட்டப்பட்டிருக்கும் விதம்.

சிடிசி என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. பேஸிக், அதாவது அடிப்படைச் சம்பளம், அதில் பாதி, மாதம் 37,500 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், 4,500 ரூபாய், நிறுவனத்தின் பங்காக பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்குப் போகிறது. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பேஸிக்கில் 4.81 சதவீதம், சுமார் 1,804 ரூபாய். அது பொதுவாக ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் கிடைக்கும், ஆனாலும் பல நிறுவனங்கள் அதையும் சிடிசியில் சேர்த்துவிடுகின்றன. ஆக, பே ஸ்லிப்பில் மொத்தச் சம்பளமாக நிற்பது 68,696. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 4,500 பிடித்தால் மிச்சம் 64,196.

அப்புறம் தொழில் வரி. சென்னையில் ஆறு மாத வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டுக்கு 1,250. இதை மொத்தமாகப் பிடிக்கும் நிறுவனங்களில் அந்த மாதம் மட்டும் 62,946 வரும். பதறாதீர்கள்.

சரி, வருமான வரி? 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 ரூபாய். வருடச் சம்பளம் 8,24,352. கழிவு போக 7,49,352. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 5 சதவீதம் என்றால் 17,468 வருகிறது. ஆனால் வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 60,000 வரை தள்ளுபடி உண்டு. அதனால் வரி பூஜ்யம். சம்பளம் மட்டுமே வருமானம் என்றால் 12.75 லட்சம் வரை இப்படித்தான்.

அதைத் தாண்டினால் கதை மாறும். மொத்தச் சம்பளம் மாதம் 1,20,000 என்றால் கழிவு போக வருடத்துக்கு 13,65,000. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மிச்சம் 1,65,000-க்கு 15 சதவீதம், 24,750. வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 88,140, மாதத்துக்கு 7,345. 12 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டியவர்கள் பயப்பட வேண்டாம். வரிக்கு உட்பட்ட வருமானம் 12,10,000 என்றால் செஸ்ஸுக்கு முன் வரி 10,000-க்கு மேல் போகாது. தாண்டிய தொகைதான் உச்சவரம்பு.

பழைய முறையில் வீட்டு வாடகைப் படி, பிஎஃப், காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கான கழிவுகள் உண்டு, நிலையான கழிவு 50,000 மட்டும். அது வேண்டுமென்றால் நிறுவனத்திடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புதிய முறைப்படியே பிடிப்பார்கள்.

வருட நடுவில் வேலை மாறுபவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தைப் புதிய இடத்தில் தெரிவிக்காவிட்டால், இரண்டு பேருமே 4 லட்சம் விலக்கையும் நிலையான கழிவையும் தனித்தனியாகக் கொடுத்துவிடுவார்கள். மாதாமாதம் சம்பளம் தாராளமாகத் தெரியும். ரிட்டர்ன் போடும்போது மொத்தமும் சேர்ந்து, பெரிய தொகையை வட்டியோடு கட்ட வேண்டி வரலாம். சேர்ந்த வாரமே பழைய சம்பள விவரத்துக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் ஹெச்ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பேஸிக் எவ்வளவு, பிஎஃப் முழு பேஸிக்கிலா அல்லது 15,000 வரம்பில் மாதம் 1,800 மட்டுமா, சிடிசியில் வருடாந்திர போனஸ் எவ்வளவு கலந்திருக்கிறது. போனஸ் மாதாமாதம் வராது, அதனால் அதைக் கழித்துவிட்டுத்தான் மேலே சொன்ன கணக்கைத் தொடங்க வேண்டும்.