வடகோடித் தீவு எது? அட்லஸ் தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வரைபடங்களில் இடப்பெயர்களைச் சரிபார்ப்பது என் தொழில். "உலகின் வடகோடி நிலம் ஊடாக் தீவு" என்ற வரி, பொது அறிவுத் தொகுப்புகளில் இன்னும் கண்ணில் படுகிறது. அதை எடுத்துவிட வேண்டும்.

கிரீன்லாந்தின் வடகரையை ஒட்டி, ஏறத்தாழ 83°40' வடக்கில் இருக்கிறது காஃபெக்ளுபென் தீவு. மிகச் சிறியது, குடியிருப்பவர் யாருமில்லை. சரளை மண்ணில் ஆர்க்டிக் பாப்பி என்ற பூச்செடி வேர்பிடித்து வளர்கிறது. 1900இல் அமெரிக்கத் துருவப் பயணி ராபர்ட் பியரி இதைக் கண்டார். 1921இல் டென்மார்க் நிலவியலாளர் லௌகே கோக் கால்வைத்தார். கோபன்ஹேகனில் அறிவியலாளர்கள் கூடிய ஒரு காப்பிக் குழுவின் பெயரைச் சூட்டினார். கிரீன்லாந்து பெருநிலத்தின் முனையான மோரிஸ் ஜெசப்பைவிட இது சில நூறு மீட்டர் வடக்கே இருப்பது 1969 அளவையில்தான் தெரிந்தது.

1978இல் டென்மார்க் நில அளவையாளர்கள் இன்னும் 1,360 மீட்டர் வடக்கே ஒரு சிறு சரளைத் திட்டைக் கண்டார்கள். 1909இல் பியரியுடன் துருவப் பயணம் போன இன்யூட் (ஆர்க்டிக் பூர்வகுடி) வழித்துணைவர் ஊடாக்கின் பெயர் அதற்கு வந்தது. பியரியின் புகழுக்குப் பின்னால் நின்றவருக்குக் கிடைத்த அந்த மரியாதை எனக்கு இன்றும் பிடித்தது. ஆனால் பின்னால் போனவர்கள் அதே இடத்தில் அதைப் பார்க்க முடியவில்லை. அப்பகுதியில் வேறு திட்டுகள் தென்பட்டன, மறைந்தன. 2021இல் ஊடாக்கைத் தேடிப் போன குழு ஒன்று, அதற்கும் வடக்கே சுமார் 60 மீட்டர் நீளமுள்ள புதிய திட்டில் இறங்கியது. "கெகெர்டாக் அவன்னார்லெக்" என்ற பெயரும் முன்மொழியப்பட்டது.

மறு ஆண்டே சுவிஸ், டென்மார்க் ஆய்வாளர்கள் போய்க் கடலின் ஆழத்தை அளந்தார்கள். மண்மேடு எதுவும் அடியிலிருந்து எழும்பவில்லை. திட்டுகளுக்குக் கீழே பல பத்து மீட்டர் ஆழமுள்ள கடல். இவை கடலடியில் தரைதட்டி நின்ற தட்டையான பனிப்பாறைகள். மேலே பனியாறு சுமந்துவந்த சேறும் கல்லும் படிந்திருந்தன. மேலே நின்று பார்த்தவர்களுக்கும் அது நிலமாகவே தோன்றியிருக்கும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

துருவப் பகுதியில் ஒரு தீவைக் குறிக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: யார், எந்த ஆண்டில் பார்த்தார்கள்? அடியில் பாறையா, பனியா? பிறகு யாராவது அதே இடத்தில் கண்டார்களா? செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது. சேறு மூடிய பனி மேலிருந்து நிலம் போலவே தெரியும். கடல் எல்லை கரையிலிருந்து அளக்கப்படுவதால், இல்லாத கரை ஒன்று வரைபடத்தில் ஏறுவது சின்ன விஷயமல்ல.

அடுத்த பதிப்பில் வடகோடித் தீவு என்ற இடத்தில் காஃபெக்ளுபென் என்று போடுங்கள். ஊடாக்கின் பெயரை அழிக்க வேண்டாம். "1978இல் கண்டது, நிலமல்ல" என்று அடிக்குறிப்பில் தாருங்கள்.