பிரேக் கட்டை: சொல்லும் பொருளும்

சைக்கிள் கடையில் 'பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்' என்பார்கள். இத்தொடரின் முதற்சொல் ஆங்கிலம், அடுத்தது தமிழ். கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நமக்கு உணர்த்துவது அந்த இரண்டாம் சொல்தான்.

ஆளிச்செடியின் தண்டை நசுக்கி நாரெடுக்கும் கருவிக்கு இடைக்கால டச்சு மொழியில் வழங்கிய பெயரோடும், அதற்கு மூலமான 'உடைத்தல்' என்னும் வினையோடும் 'பிரேக்' என்பதை அகராதிகள் தொடர்புபடுத்துகின்றன. சக்கரத்தை நிறுத்தும் கருவி என்ற பொருள் அச்சொல்லுக்கு 18ஆம் நூற்றாண்டில்தான் ஏற்பட்டது.

தமிழில் தடை, தடுப்பு, நிறுத்தி எனப் பல சொற்கள் எழுத்தில் வழங்குகின்றன. வேகத்தடை என்றால் இன்று சாலையிலுள்ள மேடுதான் நினைவுக்கு வரும். தடுப்பு என்றால் காவல்துறை வைக்கும் இரும்புச் சட்டம். நிறுத்தி என்பதோ, வேகத்தைக் குறைப்பதும் இக்கருவியின் வேலையே என்பதை விட்டுவிடுகிறது. ஆகவே கருவி முழுவதையும் தடுப்பி என்றும், ரிம்மில் உரசும் ரப்பரைத் தடுப்புக்கட்டை என்றும் சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. கட்டை நமக்குப் புதிதன்று. திருவாரூர் ஆழித்தேரின் சக்கரத்தடியில் மரக்கட்டையைச் செருகி அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் வழக்கம். அதன் பெயர் முட்டுக்கட்டை. திருச்சி பெல் நிறுவனத்தின் நீரழுத்த பிரேக் பொருத்தப்பட்ட பின்னரும் கட்டை போடுவோர் தேருடன் நடக்கின்றனர்.

இதைவிட அருமையானது 'பிடி' என்னும் வினை. ஓட்டுபவரும் பிரேக் பிடிக்கிறார், பிரேக்கும் பிடிக்கிறது. கட்டைக்கும் ரிம்முக்கும் இடையிலான உராய்வே அந்தப் பிடி. சங்கிலிக்கு விட்ட எண்ணெய் ஒரு சொட்டு ரிம்மில் பட்டாலும் அது வழுக்கிவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பது பலரின் பழக்கம். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்வதால், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ரிம்மைத் துடைத்து, நல்ல தண்ணீரால் அலசி உலரவிடுவதே நல்லது. கட்டையின் முகம் பளபளவென்று இறுகியிருந்தால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். அலுமினிய ரிம்மாக இருந்தால், ரப்பரில் பதிந்து மினுங்கும் உலோகத் துகள்களை ஊசி முனையால் நெம்பி எடுக்க வேண்டும், இல்லையேல் அவை ரிம்மைக் கீறிக்கொண்டே இருக்கும். கட்டையின் பள்ளக்கோடுகள் மறைந்துவிட்டால் புதிது வாங்குவதுதான் வழி. மழையில் ரிம் நனைந்திருக்கும்போது பிடி குறையும் என்பதால் முன்கூட்டியே மெல்ல அழுத்தத் தொடங்க வேண்டும்.

புதிய கட்டையைப் பொருத்தும்போது அது டயரைத் தொடாமல் ரிம்மில் மட்டும் படிகிறதா என்று பாருங்கள். கட்டையைத் தாங்கும் தகட்டுக் கூட்டின் ஒரு முனை திறந்திருந்தால், மூடிய முனை வண்டியின் முன்பக்கம் நோக்கியிருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால், பிரேக் பிடிக்கும் அந்த நொடியிலேயே சுழலும் ரிம் கட்டையைத் திறந்த முனை வழியாக வெளியே இழுத்துவிடும்.