நியாயமான பயன்பாடா, விலக்குப் பயன்பாடா?

பிச்சாவரம் படகுப் படத்தை இணையத்தில் எடுத்து, சுற்றுலா நோட்டீசில் போட்டு, ஓரத்தில் ‘நன்றி: கூகுள்’ என்று அச்சடிக்கிறார்கள். கேட்டால், ‘நன்றி போட்டாச்சே, நியாயமான பயன்பாடுதான்’ என்று பதில் வருகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் பேனர் கடைகளில் சலிக்கச் சலிக்கக் கேட்கும் பதில் இது. அனுமதி கேட்காமலே சில வகையில் பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்குதான் ‘ஃபேர் யூஸ்’. அதற்கு ‘நியாயமான பயன்பாடு’ என்று நாம் வைத்த பெயரே இதற்கு இடம் கொடுக்கிறது.

‘ஃபேர்’ பழைய ஆங்கிலத்தில் அழகைக் குறித்தது. நடுநிலைப் பொருள் பின்னால் வந்தது. ‘ஃபேர் யூஸ்’ அமெரிக்காவின் 1976 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 107ஆம் பிரிவு. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இருப்பது ‘ஃபேர் டீலிங்’. யூடியூப் வீடியோவுக்குக் கீழே 107ஐ ஒட்டிவைப்பது இங்கே உதவாது.

நியாயம் தமிழில் மனச்சாட்சியின் சொல். ஆளுக்கொரு நியாயம் உண்டு. சட்டமோ எதற்காக எடுத்தாய் என்றுதான் முதலில் பார்க்கிறது. ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி: ‘ஃபேர் டீலிங்’ இவற்றுக்குத்தான். புகைப்படக் கண்காட்சிக்கு மதிப்புரை எழுதி, அலசும் படத்தைச் சிறிதாகக் காட்டினால் இதில் அடங்கும். அதையே லாட்ஜ் விளம்பரத்தில் வைத்தால், எடுத்தவர் பெயரைப் போட்டாலும் அடங்காது. பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு.

‘நேர்மையான’, ‘முறையான’ என்று மாற்றினாலும் இதே கோளாறுதான். ‘தகவுப் பயன்பாடு’ எனலாம். ‘தக்கார் தகவிலர்’ குறளில் தகவு நடுவுநிலைமையே. அழகான சொல், ஆனால் உரை இல்லாமல் விளங்காது. ‘விலக்குப் பயன்பாடு’ போதும். வரிவிலக்கு என்றதும் ‘எந்தப் பிரிவில்?’ என்று கேட்கிறோம் இல்லையா, அந்தக் கேள்வி இங்கேயும் எழும். கடற்கரைக் காந்தி சிலையை நீங்களே படமெடுக்கலாம். பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்துக்கு 52இலேயே விலக்கு உண்டு. பிறர் எடுத்த படமோ அவர் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டும் காக்கப்படும்.

பதிப்புரிமையைக் ‘காப்புரிமை’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் குழப்பத்தைக் கூட்டுகிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட். விண்ணப்பித்துப் பெற வேண்டும், 20 ஆண்டுதான். படத்துக்குப் பதிவே வேண்டாம், எடுத்த கணமே உரிமை பிறந்துவிடும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் படத்தை ‘இலவசப் படம்’ என்பதும் தவறு. அது நிபந்தனையோடு வரும் உரிமம். விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் ‘சிசி பை’ (CC BY) என்று இருந்தால் எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், மூலப் படத்துக்கும் உரிமத்துக்கும் இணைப்பு தர வேண்டும். வெட்டியிருந்தால் அதையும் குறிக்க வேண்டும். ‘என்சி’ (NC, வணிகத்துக்கு அல்ல) என்ற எழுத்து சேர்ந்திருந்தால் வணிக நோட்டீசில் அந்தப் படத்தைத் தொடவே கூடாது.