பட்டினி போட்டால் கொழுக்கும் ஈஸ்ட்

"வாழைத்தடையிலிருந்து (வாழை மரத்தின் தண்டு) டீசல் எடுக்கலாம் என்கிறார்களே, இதுவும் மூலிகைப் பெட்ரோல் கதைதானா?" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூலிகையைப் போட்டுத் தண்ணீரைப் பெட்ரோலாக்குவதாக ராமர் பிள்ளை காட்டிய, 1996இல் தமிழ்நாடே நம்பத் துடித்த அந்த வித்தையில், எண்ணெய்க்குள் கார்பன் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் சிலரே. இங்கே அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது: தாவர நாரிலிருந்து.

நீர்த்த அமிலமும் வெப்பமும் நாரைத் தளர்த்தும். நொதிகள் நாரிலுள்ள செல்லுலோஸைக் குளுக்கோஸாக வெட்டும். நாரின் இன்னொரு பகுதியான ஹெமிசெல்லுலோஸ், சைலோஸ் என்ற சர்க்கரையைத் தரும். இந்தச் சர்க்கரைச் சாற்றில் ரோடோஸ்போரிடியம், லிப்போமைசஸ் போன்ற ஈஸ்ட்களை வளர்க்க வேண்டும். நல்ல சூழலில் இவற்றின் உலர் எடையில் பாதிக்கும் மேல் எண்ணெய்.

எப்படி? நைட்ரஜன் இருக்கும்வரை செல் பெருகிக்கொண்டே போகும். சர்க்கரை மிச்சமிருக்க, நைட்ரஜன் மட்டும் தீர்ந்துபோனால் புதிய புரதம் கட்ட வழியில்லை. செல் தன்னிடமுள்ள ஏஎம்பி என்ற நைட்ரஜன் கொண்ட சிறு மூலக்கூறுகளை உடைத்து, அந்த நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிடுங்கிக்கொள்கிறது. ஆனால் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சர்க்கரை எரியும் வழியில் முதலில் சிட்ரேட்டும் அதிலிருந்து ஐசோசிட்ரேட்டும் உருவாகின்றன; இந்த ஐசோசிட்ரேட்டைக் கையாளும் நொதி, அந்த ஏஎம்பி இருந்தால்தான் இயங்கும். ஏஎம்பி குறைந்ததும் அது நின்றுவிடுகிறது. சர்க்கரையோ வந்துகொண்டேயிருக்கிறது. சிட்ரேட் தேங்குகிறது, மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியேறுகிறது. அங்கே ஏடிபி-சிட்ரேட் லையேஸ் என்ற நொதி அதைப் பிளந்து அசிட்டைல்-கோஏவைத் தருகிறது. கொழுப்பு அமிலங்களைக் கட்டும் செங்கல் அதுதான். ஒரு துணுக்கு நைட்ரஜனுக்காகச் செய்த வேலை, செல்லையே எண்ணெய்க் குடமாக்கிவிடுகிறது! ரொட்டி ஈஸ்டில் இந்த லையேஸ் இல்லை. பட்டினி போட்டாலும் அது இந்த அளவுக்குக் கொழுப்பதில்லை. உயிர்வேதியியலில் இதைவிட அழகான திருப்பம் எனக்குத் தெரியாது.

பிறகு செல்லை உடைத்து எண்ணெயைப் பிரித்து, மெத்தனாலுடன் வினைபுரிய வைத்தால் பயோடீசல். கணக்கு கறாரானது: 100 கிலோ குளுக்கோஸிலிருந்து கோட்பாட்டளவில் கிடைப்பதே சுமார் 32 கிலோ எண்ணெய்தான், நடைமுறையில் இன்னும் குறையும். காற்றூட்டவும் செல்லை உடைக்கவும் ஆகும் செலவு வேறு. அதனால்தான் பெட்ரோலியத்தோடு இன்னும் போட்டியிட முடியவில்லை. மந்திரம் பேசுகிறவர்களுக்குக் கூடும் கூட்டத்தைவிட, இந்தச் செலவைக் குறைக்கப் போராடும் ஆய்வகங்களுக்கு நிதி கூட வேண்டும்.

குமரி மாவட்டத்தில் தொடங்குவதென்றால் நான் வாழைத்தடையைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அதில் பெரும்பகுதி தண்ணீர். லாரி வாடகையே விழுங்கிவிடும். ரப்பர் மரத்தூள் மர அறுவை மில்களில் ஏற்கெனவே ஓரிடத்தில் குவிகிறது. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் அதிகம் என்பதால் உடைப்பது கடினம்தான். ஆனால் மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. ஈஸ்டைப் பட்டினி போடத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை.