சபாநாயகர் – அவைத் தலைவர்

இலங்கை நாடாளுமன்றத்தின் சபாநாயகரையும் சபை முதல்வரையும் பலர் ஒருவராகவே எண்ணிக்கொள்கிறார்கள். சபை முதல்வர் ஆளுந்தரப்பு அமைச்சர். அரசாங்கத்தின் அலுவல்களைச் சபையில் கொண்டு நடத்துவது அவர் பொறுப்பு. சபாநாயகரோ சபை விதி மீறப்பட்டதாக ஒழுங்குப் பிரச்சினை கிளம்பும்போது முடிவு சொல்பவர். அவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

சொல் வடமொழி. சபா என்றால் அவை, நாயகர் என்றால் நடத்திச் செல்பவர். நம்மூர் அலுவலகத் தமிழில் பணிப்பாளர் நாயகம், கணக்காய்வாளர் நாயகம் என்று இந்த நாயகம் தாராளமாகப் புழங்குகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்பீக்கர்’ என்பதற்குக் காரணம் வேறு. இங்கிலாந்தில் மக்கள் சபையின் முடிவை அரசரிடம் போய்ச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. 1377இல் தோமஸ் ஹங்கர்போர்ட் அந்தப் பெயரோடு பதிவானார்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சொல்லோடு சேர்த்து நினைக்க வேண்டியவர் வேலணையின் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி. வழக்கறிஞர், 1920களிலேயே அன்றைய சட்டமன்றமான சட்டநிரூபண சபையில் இருந்தவர். அதன் இடத்தில் வந்த அரசாங்க சபைக்கான 1931 தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்றுக் குடாநாடு புறக்கணித்தது. நான்கு தொகுதிகள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றில் ஒன்றான ஊர்காவற்றுறையிலிருந்து 1936இல் துரைசுவாமி அரசாங்க சபைக்குப் போனார், அந்த ஆண்டே சபாநாயகரானார். 50 பேர் தெரிவானவர்கள், 8 பேர் நியமனம் பெற்றவர்கள் என்றிருந்த சபை அது, தமிழர் சிறுபான்மை. அப்படிப்பட்ட சபை 1947 வரை, 11 ஆண்டுகள், அவரையே அந்த ஆசனத்தில் வைத்திருந்தது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்க வந்த தீர்மானம் 1944இல் தமிழையும் சேர்த்துக்கொண்டு நிறைவேறியதும் அவர் காலத்தில்தான். பதவியில் நீடித்ததைவிட, எல்லாத் தரப்பும் அவரிடம் நம்பி ஒப்படைத்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். அவருக்குப் பின் யாழ்ப்பாணத்தவர் எவரும் சபாநாயகராகத் தெரிவாகவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? அவைத் தலைவர். அவையறிதல், அவையஞ்சாமை என்று குறள் இரண்டு அதிகாரம் ஒதுக்கிய சொல் அவை. 2013இல் வடக்கு மாகாண சபை அமைந்தபோது சி.வி.கே. சிவஞானத்தை அவைத் தலைவர் என்றே பத்திரிகைகள் எழுதின. யாருக்கும் விளங்காமல் போகவில்லை. பிரதேச சபைகளில் தவிசாளர் என்கிறோம். தவிசு என்றால் இருக்கை, அதுவும் நல்ல பழந்தமிழ். தமிழ்நாட்டில் அவைத் தலைவர் என்பது கட்சிப் பதவியாகவும் இருக்கிறது, சட்டசபைக்குப் பேரவைத் தலைவர் என்கிறார்கள்.

அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை மேற்கோள் காட்டும்போது அதிலுள்ளபடி சபாநாயகர் என்றே எழுத வேண்டும். மற்ற இடங்களில் அவைத் தலைவர் என்று தயங்காமல் எழுதலாம், பிரதிச் சபாநாயகரைத் துணை அவைத் தலைவர் என்றும்.