ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை

பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிப் புதியதை மாட்டி பவர் பட்டனை அழுத்தியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, விளக்குகள் எரிகின்றன, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. புது கார்டு செத்துப் பிறந்தது என்று முடிவுகட்டி, விற்ற கடைக்கு ஃபோன் போட எல்லோருக்கும் கை துடிக்கும். கார்டு கெட்டும் இருக்கலாம். ஆனால் அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள். முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கணினி எதுவரை போய் நின்றது?

ஃபேன் சுற்றுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 'ஆன் ஆகு' என்று ஒரு சிக்னல் தருகிறது. 12 வோல்ட் வந்ததுமே ஃபேன் கிளம்பிவிடும். ப்ராசஸர் அதுவரை ஒரு கட்டளையைக்கூடத் தொட்டிருக்காது. மின்னழுத்தங்கள் நிலைப்பட்டு 0.1 முதல் 0.5 விநாடிக்குள் எஸ்எம்பிஎஸ் 'பவர் குட்' என்று பதில் சிக்னல் அனுப்பும். அதற்குப் பிறகுதான் ப்ராசஸர் விழித்து, மதர்போர்டில் பதிந்த தொடக்க மென்பொருளான பயாஸைப் படிக்கிறது, ரேமைச் சரிபார்க்கிறது, எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டைக் கண்டதும், அந்தக் கார்டுக்குள்ளேயே இருக்கும் சின்ன ஃபர்ம்வேரை (வன்பொருளில் பதிந்த மென்பொருளை) எடுத்து ஓட்டுகிறது. திரையில் முதல் படம் வருவது அப்போதுதான். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும், வெளியே தெரிவது ஒரே கருப்புத் திரை.

அறுந்த கண்ணியைக் கண்டுபிடிக்கக் காசில்லாத கருவி ஒன்று மேசைமேலேயே இருக்கிறது. ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டு, கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். வயர் உள்ள கீபோர்டாக இருக்கட்டும். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸே ஏறி, பாஸ்வேர்டு கேட்டுக் காத்திருக்கும். படம்தான் வழி தவறிவிட்டது. விளக்கு அசையவே இல்லை என்றால், தொடக்கச் சோதனையிலேயே எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது மதர்போர்டின் ஓரத்தைப் பாருங்கள். சமீபத்திய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் என்று நான்கு குட்டி எல்ஈடிகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, சிக்கல் அங்கே. ஸ்பீக்கர் உள்ள பழைய போர்டுகளில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டி பீப்பும் கேட்டால் பொதுவாகக் கிராஃபிக்ஸ் புகார். பயாஸ் நிறுவனத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும் என்பதால் போர்டின் மேனுவலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, படம் இல்லை என்றால் மானிட்டர் கேபிளின் மறுமுனையைப் பாருங்கள். இத்தனை நாளும் மதர்போர்டின் எச்டிஎம்ஐ ஓட்டையில் இருந்த கேபிளை, கை பழக்கதோஷத்தில் அங்கேயே செருகியிருப்போம். தனிக் கார்டு இருப்பதைப் பார்த்ததும் பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் ப்ராசஸர்களில் உள் கிராஃபிக்ஸே கிடையாது, அந்த ஓட்டை வெறும் அலங்காரம். கேபிளைக் கார்டில் செருகுங்கள். கார்டில் நான்கு போர்ட் இருந்தால் எல்லாவற்றையும் முயன்று பாருங்கள். மானிட்டரில் இன்புட்டையும் கையால் தேர்ந்தெடுங்கள்.

டிஸ்ப்ளேபோர்ட்டில் (எச்டிஎம்ஐ போன்ற இன்னொரு வீடியோ இணைப்பில்) வராத படம் எச்டிஎம்ஐயில் வந்தால் ஃபர்ம்வேரைச் சந்தேகிக்கலாம். என்விடியாவின் 900, 1000 வரிசைக் கார்டுகள் சில டிஸ்ப்ளேபோர்ட் 1.3, 1.4 மானிட்டர்களோடு சேரும்போது, விண்டோஸ் ஏறும்வரை திரை கருப்பாகவே இருக்கும். அதற்காகவே 2018இல் அந்நிறுவனம் ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்பை வெளியிட்டது.

கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லையா? கேபினட்டைத் திறக்க வேண்டியதுதான். சுவிட்சை அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

16 லேன் (தரவுப் பாதை) கார்டின் தங்கமுலாம் விளிம்பில் பக்கத்துக்கு 82 பட்டைகள். உற்றுப் பார்த்தால் இரு முனைகளிலும் ஒவ்வொரு பட்டை மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். கார்டு முழுதாக இறங்கியதா என்று அறிவதற்காக விதிமுறையிலேயே வைத்த ஏற்பாடு அது: மற்ற எல்லாம் தொட்ட பிறகே இவை இரண்டும் தொடும். கார்டு ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் டேட்டா பட்டைகள் அரைகுறையாகத்தான் ஒட்டும். தூக்கி நிற்க வைப்பது பெரும்பாலும் பின்பக்க இரும்புத் தகடு. அதன் கீழ்நாக்கு கேபினட்டின் இடுக்கில் இறங்காமல் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்க்ரூவை முறுக்கினால், ஒரு முனை இறங்கி மறுமுனை எழும்பிவிடும். மேலிருந்து பார்த்தால் பொருந்தியது போலவே தெரியும். ஸ்க்ரூவைக் கழற்றி, கார்டின் இரு முனைகளையும் சமமாக அழுத்தி, ஸ்லாட்டின் கோடியிலுள்ள கொக்கி 'டிக்' என்று விழுவதைக் கேளுங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, தங்கக் கோடு ஸ்லாட்டுக்கு இணையாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்க்ரூவை மாட்டுங்கள். பெரிய கார்டின் எடை சந்தேகமாக இருந்தால் கேபினட்டைப் படுக்கவைத்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். பழைய கார்டு வாங்கியவர்கள் பட்டைகளை அழிரப்பரால் தேய்ப்பதுண்டு. வேலை செய்யும்தான், ஆனால் துகள் ஸ்லாட்டில் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

அடுத்தது மின்சாரம். அதிகக் குழப்பமும் அதிக ஆபத்தும் இங்கேதான். ஸ்லாட் தரக்கூடியது மொத்தம் 75 வாட்: 12 வோல்ட்டில் 66, மீதி 3.3 வோல்ட்டில். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற 75 வாட் கார்டு தனி வயர் இல்லாமலே ஓடிவிடும். அதை எடுத்துவிட்டு 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060 போடும்போதுதான், தனி வயர் ஒன்று தேவை என்பதே பலருக்கு மறந்துபோகிறது. 6 பின் கனெக்டர் 75 வாட், 8 பின் 150 வாட். வயர் மாட்டாமல் ஆன் செய்தால், சில கார்டுகள் 'மின்கேபிளைச் சொருகு' என்று திரையில் எழுதிக் காட்டும். சில ஊமையாக ஃபேனை மட்டும் சுழற்றும்.

ப்ராசஸருக்குப் போகும் 8 பின் வயரும் கார்டுக்குப் போகும் 8 பின் வயரும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான வரிசையில் உள்ளன. ப்ராசஸர் வயர் 4+4 ஆகப் பிரியும், கார்டு வயர் 6+2 ஆகப் பிரியும், அடையாளம் அதுதான். பிளாஸ்டிக் வடிவம் இடம் மாறிச் செருகவிடாது, ஆனால் அழுத்தமான கையிடம் பிளாஸ்டிக் தோற்கும். இறுக்கமாக இருந்தால் நிறுத்துங்கள். வயரைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு பொறி உண்டு: எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவிதி கிடையாது. வேறொரு கம்பெனியின் வயர் கச்சிதமாகப் பொருந்தி, ஆன் செய்ததும் கார்டை எரித்துவிடலாம். ஹார்டு டிஸ்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரிலிருந்து 8 பின் எடுக்கும் அடாப்டரும் வேண்டாம். ஒரு சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் தாங்கும் அளவு 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். இரண்டைச் சேர்த்தாலும் 108தான். 150 இழுத்தால் பிளாஸ்டிக் உருகும்.

எஸ்எம்பிஎஸ் மேல் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட் பத்திக்குக் கீழே ஆம்பியரைத் தேடுங்கள். 17 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் கிடைப்பது 204 வாட். அதில் 170 வாட் கார்டுக்குப் போனால் ப்ராசஸருக்கு மிஞ்சுவது 34. ஆர்டிஎக்ஸ் 3060க்கு என்விடியா சொல்லும் அளவு 550 வாட். கணினி ஆன் ஆகி விண்டோஸும் வந்து, கேம் திறந்ததும் பட்டென்று அணைந்தால் அதுவும் இதே நோய்தான். புதிய கார்டுகள் மைக்ரோவிநாடிக் கணக்கில் திடீரென்று பல மடங்கு இழுக்கும். அதனால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இருமடங்கை 100 மைக்ரோவிநாடி தாங்க வேண்டும் என்கிறது. பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு துள்ளு துள்ளி நின்றுபோவது வேறு கதை. எங்கோ ஷார்ட் இருக்கலாம். வயரைப் பிடுங்கி, மறுபடி முயல்வதற்கு முன் எல்லாக் கனெக்டரையும் பாருங்கள்.

இதுவரை எல்லாம் சரியாக இருந்து, விஜிஏ விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது என்றால் கார்டும் போர்டும் வேறு மொழி பேசக்கூடும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 2011, 2012 காலத்துப் பழைய அலுவலகக் கணினிகளில் புதிய கார்டை மாட்டுகிறவர்கள் இதைச் சந்திக்கலாம். புதிய கார்டின் ஃபர்ம்வேர் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை எதிர்பார்க்கும், அந்தக் காலத்து பயாஸுக்கு அது சரிவரப் புரியாது. பழைய கார்டைப் புது போர்டில் மாட்டினால் இதே சிக்கல் தலைகீழாக வரும். அங்கே பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறையை ஆன் செய்யச் சொல்வார்கள். செய்தால் படம் வரும், ஆனால் யுஇஎஃப்ஐ முறையில் நிறுவிய விண்டோஸ் 'பூட் டிஸ்க் இல்லை' என்று கைவிரிக்கலாம். டிஸ்க் கெடவில்லை. சிஎஸ்எம்மை அணைத்தால் திரும்பி வந்துவிடும்.

எந்தப் பக்கச் சிக்கலானாலும் முதலில் கழற்றி வைத்த கார்டைத் திரும்ப மாட்டுவதுதான் சிறந்த வழி. அது வேலை செய்தால், அதை வைத்துக்கொண்டே பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். நீட்டிப்புக் கேபிள் வழியாகக் கார்டை மாட்டியிருந்தால் பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்று குறைத்து வைத்துவிடுங்கள். கழற்றி வைத்த கார்டிலும் படம் வரவில்லையென்றால் குற்றவாளி கார்டே அல்ல. கை நுழைந்தபோது ரேம் குச்சியோ மதர்போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் வயரோ நகர்ந்திருக்கலாம். ரேமைக் கழற்றி ஒரே ஒரு குச்சியை மாட்டிப் பாருங்கள்.

சிமாஸை (பயாஸ் அமைப்புகளின் நினைவை) அழிப்பது அதற்குப் பிறகு. மின்வயரைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். ஆனால் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புகள் மாறியதைப் பார்த்ததும் அது சாவி கேட்டு மறிக்கும்.

விண்டோஸ் லோகோ வந்தபிறகு திரை இருண்டால் வன்பொருளை விட்டுவிடலாம், அது பெரும்பாலும் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) தகராறு. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மறுபடி தொடங்கும். அசையவில்லையென்றால் சேஃப் மோடில் போய்ப் பழைய டிரைவரை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள்.

இத்தனையும் செய்தும் விடிவில்லை என்றால், கார்டை நண்பர் ஒருவரின் கணினியில் மாட்டிப் பாருங்கள். மாட்டுவதற்கு முன் அவருடைய எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் பத்தியையும் படித்துவிடுங்கள். அங்கேயும் படம் வரவில்லை என்றால், இப்போது கடைக்கு ஃபோன் போடலாம்.